எழுபத்தொன்றாம் எண்ணுக்கு ஒரு பிரிண்ட்

ஒரு வலது கையின் விலை அறுபது மாதச் சம்பளம். இடது கை என்றால் ஐம்பத்துநாலு. கட்டைவிரலுக்குப் பதினெட்டு. சுண்டுவிரலுக்கு வெறும் நாலு. பேரம் கிடையாது, ஒரே விலை. இந்த விலைப்பட்டியலைப் போட்டது நானல்ல. நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போகும் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில், சம்பளக் கணக்குப் போடும் பழைய மென்பொருளுக்குள் அது இருக்கிறது. விபத்து நடந்தால் ஆளின் எண்ணைத் தட்டி, போன உறுப்பைத் தேர்ந்தெடுத்து, என்டர் அடித்தால் போதும். மீதியை அதுவே கூட்டிக் கழித்துவிடும்.

இனி நான் எழுதப்போவது நடந்தது. மொத்த வியாபாரிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். எனக்குப் பொய்யே வராது என்று சொன்னால் எங்கப்பாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஆனால் எங்கள் கடைத்தெருவில் ஒரு நியாயம் உண்டு. லாபம் இல்லாத இடத்தில் பொய்யை வீணாக்கக் கூடாது. இதில் எனக்குக் கிடைத்தது நஷ்டம் மட்டும்தான். ஆகவே தாராளமாக நம்பலாம்.

இன்னொன்று. பேய்க்கு ராத்திரி ஷிப்டு மட்டும்தான் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். நான் பார்த்தது வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. நல்ல வெயில்.

அன்று மதியம் 2:05-க்கு மனைவியின் போன். ஆஸ்பத்திரியிலிருந்து.

"என்னங்க... அண்ணன் கை போயிடுச்சுங்க."

"என்னடி சொல்றே?"

"வலது கை. மணிக்கட்டோட. பிரெஸ் மிஷின்ல."

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், அந்தத் தொழிற்சாலையில் பிரெஸ் ஓட்டுகிறவர். எனக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். பிரெஸ் என்பது இரண்டு ஆள் உயர இரும்பு. கீழே தகட்டை வைத்து பெடலை மிதித்தால், மேலே இருக்கும் இரும்புக்கட்டி தடாலென்று இறங்கித் தகட்டை வெட்டும். அன்று காலை 11:20-க்கு மச்சான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஒட்டிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். அது இறங்கிவிட்டது. மேஸ்திரி வெட்டுப்பட்ட கையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு ஓடியிருக்கிறார்.

ஆறு மணி நேரத்துக்குள் ஒட்ட வைத்தால் கை பிழைக்கும் என்றார் டாக்டர். அதாவது 5:20-க்குள். ஆள் கட்டிலில், கை ஐஸ் பெட்டியில். நடுவே ஒரு காகிதம். காப்பீட்டுப் பாரம் வந்து சேராமல் ஆபரேஷன் தியேட்டர் திறக்காது என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அந்தப் பாரத்தைக் கையால் எழுதினால் செல்லாது. முன்பு முதலாளி கையால் எழுதிச் செய்த கைவரிசையில் சூடுபட்ட காப்பீட்டுக் கம்பெனி, அந்த மென்பொருளிலிருந்து அச்சாகி வரும் பாரத்தை மட்டும்தான் ஏற்கும்.

அடுத்த போன் முதலாளி.

"தம்பி, போன வாரம் நீ மாத்தின கம்ப்யூட்டர்தான். பிரிண்டே வரல."

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுப் புதியதை வைத்தது நான்தான். பிரிண்டரை மட்டும் 'திங்கக்கிழமை பாத்துக்கலாம்' என்று விட்டிருந்தேன். திங்கள் வியாழன் ஆகிவிட்டது. முக்கால் வேலைக்கு முழுக்கூலி வாங்கியிருந்தேன்.

2:40-க்கு ஆபீஸில் இருந்தேன். தொழிலாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இருந்தது கணக்கு எழுதும் அம்மா ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் கணக்கக்கா. இருபது வருடமாக ஒரே நாற்காலி.

"எத்தனை நேரம் ஆகும் தம்பி?"

"பத்து நிமிஷம்க்கா."

எங்கள் தொழிலில் பத்து நிமிஷம் என்பது நேரமல்ல, ஆறுதல்.

சிக்கல் இதுதான். அந்தப் பழைய மென்பொருளுக்குப் பிரிண்டர் என்றால் கம்ப்யூட்டரின் முதுகில் நேரடியாகச் செருகியது ஒன்றுதான் தெரியும். புதுக் கம்ப்யூட்டரில் அந்த வாசலே இல்லை. பிரிண்டரோ, போன வாரம் நானே தூக்கி வைத்தபடி, முற்றத்துக்கு அந்தப் பக்கம், பிரெஸ் கொட்டகையில், மேஸ்திரியின் மேசையில், அங்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கிழட்டு மென்பொருளிடம் 'வாசல் இதோ இருக்கு பெரியவரே' என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவர் நீட்டும் தாளை வாங்கி, கேபிள் வழியாகக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு வரிக் கட்டளை. ஆயிரம் தடவை அடித்திருப்பேன்.

அடித்தேன். 'பாதை கிடைக்கவில்லை' என்றது.

3:02. மறுபடி. பாதை கிடைக்கவில்லை.

3:15. மறுபடி. அதே பதில்.

"அக்கா, கொட்டகையில கேபிள் சரியா இருக்கான்னு பாக்கணும்."

"கொட்டகையப் பூட்டியாச்சு தம்பி."

"சாவி?"

சாவி அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"முதல்ல இங்கேருந்தே பாரேன்" என்றார்.

சரி என்று மென்பொருளுக்குள் போனேன். மச்சானின் எண் 71. அந்த மென்பொருளில் எண்பது பேருக்குத்தான் இடம். புது ஆள் வந்தால், வேலையை விட்டுப் போன ஒருவரின் எண்ணைத் திறந்து, பெயரை அழித்து, இவர் பெயரை எழுத வேண்டும். வாடகை வீடு மாதிரி. எண் அங்கேயே இருக்கும், ஆள் மாறுவார்கள். நான் 71-ஐத் திறந்து, மச்சான் பெயரை அழித்து, என் பெயரை அடித்து, சோதனைக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான். அடுத்தவர் பெயரில் பிசகினால் வம்பு. சொந்தப் பெயரென்றால் கேட்க ஆளில்லை.

கணக்கக்கா பதறி எழுந்தார்.

"அய்யோ, அதுல எதுக்கு உன் பேரைப் போட்டே!"

"திருப்பி மாத்திடலாம்க்கா. நாலு நிமிஷம்."

"வேற எண்ணுல போட்டிருக்கலாமே... எழுபத்தொண்ணுல யாரும் நிலைக்கிறதில்ல தம்பி."

சோதனை பிரிண்டும் போகவில்லை. அதை ரத்து செய்து, மச்சான் பெயரைத் திருப்பி எழுதினேன். உறுப்பு: வலது கை. என்டர்.

3:40. மனைவி போன்.

"பேப்பர் வந்துச்சா?"

"இதோ."

"இதோ இதோன்னு எத்தனை இதோங்க? ஐஸ் உருகுது!"

3:52-க்கு அதே கட்டளையைப் பதினோராவது தடவையாக அடித்தேன். எதையும் மாற்றவில்லை. ஒரு புள்ளியைக்கூட.

'வெற்றிகரமாக முடிந்தது' என்றது.

என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் பிரிண்ட் வரிசையில் என் பாரம் அசையாமல் நின்றது. அப்போதுதான் உறைத்தது. கட்டளை வேலை செய்தாலும், பழைய மென்பொருள் 'பிரிண்ட் முடிந்தது' என்று தானாகச் சொல்லாது. மென்பொருளையே மூடினால்தான் பிடித்து வைத்திருக்கும் தாளை விடும். மூடினேன்.

வரிசை நகர்ந்தது. பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

நான் அனுப்பியது ஒன்று. வரிசையில் நின்றவை ஆறு.

அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறிலும் ஒரே எண்... 71.

முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. கிர்ர்ர்... கிர்ர்ர்... ஊசியால் அடிக்கும் பழைய பிரிண்டரின் சத்தம்.

"வந்துடுச்சுக்கா! சாவியக் குடுங்க!"

கொடுத்தார். கூட வரவில்லை.

4:06. கொட்டகையைத் திறந்தேன். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. தரையில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். தூளையும் மீறி ரத்தம் ஊறி, கட்டிதட்டிக் கிடந்தது. அதில் மச்சானை இழுத்துக்கொண்டு ஓடிய செருப்புத் தடங்கள். ஒரு செருப்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. ஈக்கள்.

பிரெஸ்ஸுக்கு மின்சாரம் வரும் பெரிய சுவிட்சைப் பார்த்தேன். கீழே இழுத்து, பூட்டுப் போட்டிருந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கொட்டகை விளக்குகளுக்கும் மேசைக்கும் மின்சாரம் வேறு லைன். பிரிண்டர் அடித்துக்கொண்டிருந்தது.

முதல் பாரம் வெளியே வந்தது. மச்சான் பெயர். எண் 71. வலது கை. எல்லாம் சரி. கிழிக்கக் கை நீட்டினேன். ஆனால் பிரிண்டர் நிற்கவில்லை. நாலு அடுக்குக் கார்பன் தாள் அது. ஓடும்போது கிழித்தால் சிக்கிக்கொள்ளும். முடியட்டும் என்று நின்றேன்.

இரண்டாவது பாரம். எண் 71. எனக்குத் தெரியாத ஒரு பெயர். இடது கட்டைவிரல்.

மூன்றாவது. எண் 71. வேறொரு பெயர். இடது கை, இரண்டு விரல்கள்.

நான்காவது. எண் 71...

தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய சங்கிலியாக மேசையின் பின்பக்கம் வழிந்தன. மேசைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் பிரெஸ். சங்கிலி தரையில் விழவில்லை. மச்சானின் பாரம் தலைப்பில் நின்று, மெதுவாக, அடி அடியாக, பிரெஸ்ஸின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

பிரிண்டரை அணைத்தேன். நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். கையில் பிளக் தொங்கியது. பிரிண்டர் அடித்தது. கிர்ர்ர்...

அப்போதுதான் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தேன். நெட்வொர்க் கேபிள். காலையில் மச்சானைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது யார் காலிலோ மாட்டிப் பிடுங்கி வந்திருக்கிறது. நுனியில் காய்ந்த ரத்தம்.

நாலே முக்கால் மணி நேரமாக இந்த அறைக்கு எந்த இணைப்பும் இல்லை.

4:18. பிரிண்டர் தானாக நின்றது.

ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. ஈக்களே இல்லை.

போன் அடித்தது. தூக்கிவாரிப்போட்டது. மனைவி.

"டாக்டர் கேக்கிறாரு. இருக்கா, இல்லையா?"

"இருக்கு. எடுத்துட்டு வரேன்."

சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று வந்தது. ஐந்து பாரங்கள் கையில். முதல் பாரம் மட்டும் துளைக்கோட்டில் கிழிந்து, பிரெஸ்ஸின் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. இன்னொன்று அடிக்கலாமா என்று பெட்டியைப் பார்த்தேன். வெறும் பெட்டி. காப்பீட்டுக் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த பாரங்களில் அது கடைசி.

நான் முட்டாளில்லை. மேசையில் இருந்த மர ஸ்கேலை எடுத்து உள்ளே விட்டேன். பிரெஸ் அசையவில்லை. ஸ்கேலை ஆட்டினேன். தட்டினேன். அசையவில்லை. பெடலை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஸ்கேலால் பாரத்தை இழுத்தேன். விளிம்புவரை வந்தது. நின்றது. யாரோ மறுமுனையை லேசாகப் பிடித்திருப்பதுபோல்.

நல்ல வியாபாரி சில்லறைக் கிராக்கிக்குத் தராசைத் தூக்க மாட்டான்.

4:20. இன்னும் ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்கே முப்பது நிமிஷம்.

இடது கையை விட்டேன்.

தாள் விரலில் பட்டது. பிடித்தேன்.

உள்ளே ஒரு கை என் கையைப் பிடித்தது.

ஜில்லென்று இருந்தது. இறுக்கவில்லை. பேரம் படிந்தவன் பிடிப்பதுபோல்... நிதானமாக.

அதுவும் இடது கை. ஆனால் விரல்கள்...

ஒரே ஆளுடையவை அல்ல.

கட்டைவிரல் தடித்து, காய்த்துப்போயிருந்தது. அடுத்த இரண்டும் மெல்லியவை. கடைசி இரண்டிலும் நகம் நீளம். விரல் சேரும் இடங்களில் மேடும் பள்ளமும்...

அது என் மோதிரவிரலைத் தனியாகப் பிரித்தது.

தேர்ந்தெடுப்பதுபோல்.

நான் மேலே பார்த்தேன்.

இரும்புக்கட்டி இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக அல்ல. மெதுவாக. சத்தமே இல்லாமல்.

கையை இழுத்தேன்.

வரவில்லை.

இழுத்தேன்.

மளுக்...

தடால்!

4:21.

பின்னால் விழுந்தேன். தாள் கையில் இருந்தது. விரல் இல்லை. ரத்தம் மேசை, சுவர், என் முகம் எல்லாம் பீறிட்டது. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கணக்கக்கா ஓடிவந்து, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கையில் சுற்றினார். நான் சொன்னது ஒன்றுதான் என்றார் பிறகு. 'மொதல்ல பேப்பர்.'

பாரம் 4:56-க்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. நாலு பிரதியிலும் என் ரத்தம் ஒரே மாதிரி ஊறியிருந்தது. நல்ல தரமான கார்பன். 5:10-க்குத் தியேட்டர் திறந்தது. இரவு 11:40-க்கு டாக்டர் வெளியே வந்து, கை ஒட்டிக்கொண்டது என்றார். என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

என் விரலையும் ஒட்டிவிடலாம் என்று மேஸ்திரி அதைத் தேடி ஓடியிருந்தார். பிரெஸ்ஸையே கழற்றிப் பார்த்தார். இல்லை. உள்ளே என் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. சுவிட்சில் பூட்டு போட்டபடியே இருந்தது. என் கைக்குத் தையல் போட்ட டாக்டர் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஷின் வெட்டினதுன்னா சொன்னீங்க?"

"ஆமா சார்."

"இது வெட்டு இல்லையே. திருகி எடுத்த மாதிரி இருக்கு."

மூன்று வாரத்தில் மச்சான் விரல்களை அசைத்துக் காட்டினார். "என் கைக்கு உன் ஒரு விரல்தான் மாப்ளே விலை. நல்ல கொள்முதல்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்துதான் என் பைக்குள் கசங்கிக் கிடந்த அந்த ஐந்து பாரங்களை எடுத்துப் பிரித்தேன். நாலு பாரங்களில் நாலு பெயர்கள். கடைசிப் பாரம் வேறு மாதிரி இருந்தது. அதைக் கணக்கக்காவின் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன்.

முதல் நாலு பெயர்களையும் அவர் தெரியும் என்று தலையாட்டினார். எல்லோருமே ஒரு காலத்தில் 71. எல்லோருமே அந்தப் பிரெஸ்ஸில் அடிபட்டுப் போனவர்கள். ஐந்தாவது பாரத்தில், இழந்தவர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்கா?"

பாரத்தை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"மொத மொத எழுபத்தொண்ணு. பத்தொன்பது வருஷம் ஆச்சு. ரெண்டு கையும் ஒண்ணா மாட்டிக்கிச்சு. மிஷினத் தூக்க ஆளில்ல. ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே ரத்தம் போயிச் செத்தாரு தம்பி. கடைசி வரைக்கும் 'என் கையக் குடுங்க, என் கையக் குடுங்க'ன்னு..."

"பாரம்?"

"அடிக்கல. 'வேலைய விட்டு நின்னுட்டார்'னு எழுதச் சொன்னாரு முதலாளி. நான்தான் டைப் பண்ணேன். அடுத்த வாரமே அந்த எண்ணுல வேற பேரு போட்டோம்."

அந்தப் பாரம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அச்சான நேரம் அன்று மாலை 4:18. என் விரல் போவதற்கு மூன்று நிமிடம் முன்னால். மச்சானின் கை ஒட்டுவதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் முன்னால். கொடுக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர். நான் அடித்த அதே எழுத்துகளில். கீழே உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

வரவேண்டியது: இடது கை 1, வலது கை 1.

வரவு: இடது கட்டைவிரல் 1.
வரவு: இடது ஆள்காட்டி விரல், நடுவிரல் 2.
வரவு: இடது மோதிரவிரல், சுண்டுவிரல் 2.
வரவு: இடது உள்ளங்கை 1.
இடது கை கணக்கு நேர்.

வரவு: வலது கை 1. திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள்.

வட்டி வரவு: மோதிரவிரல் 1.

பாக்கி: வலது கை 1.